மூடி இல்லாத பெட்டி

அன்றைக்குக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தலைமாட்டில் எங்கள் பாஸ்டர். கையில் வேதாகமம். அவர் பக்கத்தில் பாஸ்டரம்மா. ஜன்னல் ஓரம் ராக்கேல் அக்கா. எங்கள் ஜெபக் குழுவுக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அவருக்கு அடுத்து அவர் வீட்டுக்காரர் நேசமணி அண்ணன். கால்மாட்டில் என் மனைவி எஸ்தர். கதவோரம் நான்.

கட்டிலில் யாரும் இல்லை.

என் மகள் பியூலா கட்டிலுக்கு அடியில் இருந்தாள். ஆறு வயது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, வீங்கின காலை நீட்டிப் போட்டு, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு இருந்தாள். கையில் குத்தியிருந்த ஊசிக்கு மருந்து போகிற குழாய் மட்டும் மேலேயிருந்து கீழே தொங்கியது.

நான் சூலூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவன். ஏழாவதோடு நின்றுவிட்டேன். எனக்கு எழுத வராது. பேசவும் அதிகம் வராது. பாஸ்டர்தான் சொன்னார், ஆண்டவர் உங்களுக்குச் செஞ்சத, உங்க சாட்சிய நீங்களே எழுதுங்க, நான் எழுதினா அது என்னோட சாட்சி ஆயிரும் என்று. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். பியூலாவுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தது. அடுத்த நாள் இடது கால் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். எங்காவது விழுந்திருப்பாள் என்று தைலம் தேய்த்தோம். மறுநாள் அந்தக் காலைக் கீழே ஊன்றவில்லை. தொட்டால் கத்தினாள். கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பஸ்ஸில் என் மடியில் அவள் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது.

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மா காலைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். எலும்புக்குள் கிருமி போயிருக்கிறது என்றார். அந்த வார்த்தை எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. எலும்புக்குள் எப்படிப் போகும்.

"உள்ளே சீழ் கட்டிருச்சான்னு பார்க்கணுங்க. கட்டிருந்தா எலும்பைத் திறந்து எடுக்கணும். கட்டலைன்னா மருந்துலயே சரி பண்ணலாம். அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

"எடுத்துருங்க" என்றேன்.

"அரை மணி நேரம் அசையாமப் படுக்கணும். படுப்பாளா?"

நான் பியூலாவைப் பார்த்தேன். டாக்டர் அம்மாவே மேலே சொன்னார்.

"சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்து எடுப்போம். இவளுக்கு நெஞ்சு முழுக்கச் சளி. இப்ப மயக்கம் கொடுக்க வேண்டாம்கறார் மயக்க டாக்டர். சளி குறையற வரைக்கும் பொறுக்கலாம். ஆனா கால் பொறுக்காதுங்க. சீழ் இருந்து, அதை விட்டுட்டோம்னா எலும்பு கெட்டுப் போகும். வளர்ற பிள்ளை. கால் கட்டையாப் போயிரலாம்."

முழித்திருக்கும்போதே ஒரு தடவை முயற்சி செய்தார்கள். நானும் கூடப் போனேன். பெரிய வெள்ளை மிஷின். நடுவில் உருண்டையாக ஓட்டை. அதற்குள் போய்வரும் பலகை. பியூலாவைப் பலகையில் வைத்ததும் அவள் என் சட்டையைப் பிடித்தாள். ஒரு பட்டன் தெறித்து விழுந்தது. பலகை நகர்ந்ததும் அலறினாள். அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. பிடிக்கப் போன சிஸ்டரின் கையைக் கடித்தாள். இறக்கிவிட்டார்கள்.

அதற்கு அப்புறம் பேச்சு நின்றுபோனது. என்னிடமும் பேசவில்லை. அம்மாவிடமும் பேசவில்லை. வெள்ளை உடுப்பு யார் போட்டு வந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சோறு ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்கு என்ன பயம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஊசிக்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

எஸ்தர் சபைக்குப் போன் பண்ணினாள். எங்கள் சபையில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் குழுவாகப் போவோம். சுற்றி நிற்போம். பாட்டுப் பாடி, கை வைத்து ஜெபிப்போம். அது எங்கள் வழக்கம். அன்றைக்கே எல்லோரும் வந்தார்கள். சூலூரில் பஸ் ஏறி, வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

ராக்கேல் அக்கா மெதுவாகப் பாட ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில் பியூலா காதைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் குனிந்து அவள் தலையில் கை வைக்கப் பார்த்தார். அவள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். உடம்பு நடுங்கியது. ஜெபிக்க ஜெபிக்க நடுக்கம் அதிகமானது.

நேசமணி அண்ணன் என் காதில் சொன்னார். "கெட்ட ஆவி ஏதாச்சும் புடிச்சிருக்குமா தம்பி."

"இல்லீங்கண்ணா. புள்ளைக்குப் பயம்" என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அவர்கள் போனபிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தறி ஓட்டுகிறவனுக்கு உட்கார்ந்து பழக்கம் கிடையாது. நான்கு தறிக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்போம். ஒன்றில் நூல் அறுந்தால் அங்கே ஓடுவோம். முடிச்சுப் போடுவோம், ஓட்டிவிடுவோம். இங்கே எந்த நூல் அறுந்தது என்று தெரியவில்லை. வராந்தாவில் நடந்தேன். தண்ணீர்க் குழாய் வரை போவேன். திரும்புவேன். வாட்ச்மேன் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை, "ஏனுங்க, ஏதாச்சும் தொலைச்சுப் போட்டீங்களா" என்று கேட்டார்.

எனக்கு நீளமாக ஜெபிக்கத் தெரியாது. அந்தத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று ஒன்றே ஒன்று கேட்டேன். ஆண்டவரே, அவள் வாயைத் திறந்துவிடும். அவளுக்கு என்ன பயம் என்று எனக்குக் காட்டும். கால் குணமாக வேண்டும் என்றுகூட அப்போது கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பெண் வந்தார். வெள்ளை உடுப்பு இல்லை. மஞ்சள் சுடிதார். நெற்றியில் திருநீறு. கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. பெயர் நிர்மலா. ஆஸ்பத்திரியில் பிள்ளைகளோடு விளையாடுவதுதான் வேலை என்றார். சரவணம்பட்டியிலிருந்து தினமும் வருகிறாராம். வார்டில் எல்லோரும் அவரை விளையாட்டு டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பிள்ளை கால் போகிற நிலைமையில் இருக்கிறது. இப்போது விளையாட்டா.

அவர் பியூலாவைக் கூப்பிடவில்லை. வெளியே வா என்று சொல்லவில்லை. நேராகத் தரையில் உட்கார்ந்தார். கூடையிலிருந்து ஒரு துணிப் பொம்மையை எடுத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். பொம்மையின் கையில் ஒரு கட்டு. மருந்து ஊற்றிக் கொடுக்கிற சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கப் இருக்கிறதே, அதில் கொஞ்சத்தையும் உருட்டிவிட்டார். பிறகு அவர்பாட்டுக்கு ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

நானும் எஸ்தரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு சின்னக் கை வந்து பொம்மையை இழுத்துக்கொண்டது.

பியூலா பொம்மையைப் படுக்க வைத்தாள். கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அதைச் சுற்றி நிற்க வைத்தாள். தலைமாட்டில் ஒன்று. பக்கத்தில் ஒன்று. அப்படியே சுற்றி. பிறகு தன் கைக்குட்டையை எடுத்துப் பொம்மையின் முகத்தை மூடினாள்.

டீச்சர் குனிந்து பார்த்தார். சாதாரணமாகக் கேட்டார்.

"சுத்தி நிக்கறவங்கெல்லாம் யாரு அம்மணி?"

பதில் வராது என்று நினைத்தேன்.

"ஜெபக்காரங்க."

மிஷினிலிருந்து இறக்கிவிட்ட பிறகு அதுதான் அவள் பேசின முதல் வார்த்தை. எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓ. என்ன பண்றாங்க?"

"பாட்டுப் பாடறாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் பெட்டி வரும்."

சுவரில் சாய்ந்தேன்.

அந்த வருஷம் பிப்ரவரியில் எங்கள் எதிர் வீட்டு தேவசகாயம் அண்ணன் இறந்துபோனார். பியூலாவுக்குத் தேன் மிட்டாய் வாங்கித் தருகிறவர். நெஞ்சு வலியில் படுத்தார். ஒரு வாரம் சபை முழுக்க சாயங்காலம் சாயங்காலம் அவர் கட்டிலைச் சுற்றி நின்று பாடினோம். பியூலாவும் எங்களோடு நின்றாள். இதே பாட்டு. இதே ஆட்கள். பிறகு ஒரு நாள் காலையில் வெள்ளைப் பெட்டி வந்தது. அவரை உள்ளே வைத்து மூடி போட்டார்கள். மாமா எங்கே என்று கேட்டாள். கர்த்தரிடம் போய்விட்டார் என்று சொன்னோம். அதோடு விட்டுவிட்டோம்.

இங்கே அவளை ஒரு வெள்ளை மிஷினுக்குள் தள்ளப் பார்த்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே ஜெபக் குழு வந்து சுற்றி நின்று அதே பாட்டைப் பாடியது. பிள்ளை என்ன நினைக்கும்.

ஆண்டவர் நான் கேட்டதைக் காட்டிவிட்டார். ஒரு துணிப் பொம்மையை வைத்துக் காட்டினார். நம்ம சபையாரை வைத்துக் காட்டவில்லை. நெற்றியில் திருநீறு வைத்தவரை அனுப்பிக் காட்டினார். அதை நான் மறைக்க மாட்டேன்.

டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். விவரம் சொன்னேன்.

"நீங்க அவகூட விளையாடுவீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு விளையாடத் தெரியாதுங்க."

"அவளுக்குத் தெரியும். அவ சொல்றதைச் செய்யுங்க, போதும். ஆனா பொய் மட்டும் சொல்லாதீங்க. வலிக்கறதுக்கு வலிக்கும்னு சொல்லுங்க. வலிக்காததுக்கு வலிக்காதுன்னு சொல்லுங்க."

ரோட்டுக்கு எதிரே ஒரு ஃப்ரிட்ஜ் கடை. பெரிய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி வந்தேன். டீச்சர் அதன் இரண்டு பக்கத்தையும் வெட்டித் திறந்துவிட்டார். வார்டை ஒட்டியிருந்த விளையாட்டு அறையில் அதைப் படுக்க வைத்தோம். பியூலாவை நான் தூக்கி வந்தேன். பெட்டியைப் பார்த்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் நான் அவளிடம் பேசினேன். முன்னமே பேசியிருக்க வேண்டியது.

"கண்ணு. தேவசகாயம் மாமா நெஞ்சு நின்னு செத்துப் போயிட்டாரு. செத்தவங்களுக்குத்தான் அந்தப் பெட்டி. அதுக்கு மூடி இருந்துச்சு. இதைப் பாரு. மூடி இருக்குதா?"

எட்டிப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

"அந்தப் பக்கம் அடைச்சிருக்குதா?"

"இல்ல. செவுரு தெரியுது."

"அந்த மிஷினும் இப்படித்தான். மூடி இல்ல. நம்ம தறியில நாடா ஓடுதில்ல? உள்ள போவுது, திரும்பி வருது. போன நாடா வராம இருந்திருக்குதா?"

நாடா என்பது தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கட்டை. நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்குள் புகுந்து போகும், வரும். நாளெல்லாம் அதுதான் அதற்கு வேலை. பியூலா பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள்.

"அறுந்தா நிக்குமில்ல" என்றாள்.

"அறுந்தா அப்பா வந்து முடிச்சுப் போடுவேன்."

முதலில் பொம்மை போய் வந்தது. பிறகு என்னைப் போகச் சொன்னாள். போனேன். மண்டி போட்டு, படுத்து, நகர்ந்து. என் சட்டை எல்லாம் தூசி. வெளியே வந்ததும் என் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள், மூச்சு வருகிறதா என்று.

பாஸ்டருக்கு நானே போன் பண்ணினேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேராகச் சொல்லிவிட்டேன். நம்ம ஜெபத்தைக் கண்டுதான் புள்ள பயப்படுதுங்க என்று.

"அப்ப நாங்க வர வேண்டாமாங்க?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

டீச்சர் பக்கத்தில்தான் நின்றார். "வரச் சொல்லுங்க. விளையாட வரச் சொல்லுங்க" என்றார்.

சாயங்காலம் பாஸ்டர் வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை. கட்டம் போட்ட சட்டை. வேதாகமத்தைப் பையிலேயே வைத்துவிட்டார். பியூலா கழுத்தில் டீச்சரின் விளையாட்டு ஸ்டெதஸ்கோப் இருந்தது.

"பாஸ்டர், படுங்க" என்றாள்.

படுத்தார். ஊசி இல்லாத சிரிஞ்சை வைத்து அவர் கையில் குத்தினாள். "கொஞ்சம் வலிக்கும். எறும்பு மாதிரி" என்றாள். டீச்சர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

"சரிங்க டாக்டர்" என்றார் பாஸ்டர்.

"இப்ப மிஷினுக்குள்ள போங்க."

எங்கள் பாஸ்டரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வயிற்றையும் தெரியும். பாதியில் சிக்கிக்கொண்டார். அட்டை முறுமுறு என்றது. எஸ்தர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். "பாஸ்டர், மூச்சை உள்ள இழுத்துக்குங்க" என்றாள். அதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் எஸ்தர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"உள்ள இருட்டா இருக்குதுங்களா?" என்று பியூலா கேட்டாள்.

"இல்ல கண்ணு. இட்லி குண்டாவுக்குள்ள இருக்கற மாதிரி வேகுது."

"செத்துப் போயிட்டீங்களா?"

"இல்ல சாமி. பசிக்குது."

பியூலா சிரித்தாள். பற்கள் தெரியச் சிரித்தாள். நான் வராந்தாவுக்குப் போய்த் தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த மிஷின் ஓடும்போது சத்தம் பெரிதாக இருக்கும், அதையும் பழக்க வேண்டும் என்றார் டீச்சர். சத்தம் என்றால் எனக்குத் தெரியும். அவள் பெட்டிக்குள் படுத்தாள். நான் ஒரு பிளாஸ்டிக் ஜக்கை வைத்து அட்டையில் தறி ஓடுகிற மாதிரி அடித்தேன். சடக் சடக் சடக். அடுத்த வார்டிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இது ஆஸ்பத்திரிங்களா தறிக்குடோனுங்களா" என்றார். பியூலா உள்ளேயிருந்தே, "தறி ஓடுது, பேசக் கூடாது" என்று கத்தினாள்.

தறிகள் ஓடுகிற கொட்டகைதான் தறிக்குடோன், அதற்குள் பேச்சுக் கேட்காது. கையால்தான் பேசிக்கொள்வோம். உள்ளங்கையைக் கீழே காட்டினால் ஓடுகிறது, தொடாதே என்று அர்த்தம். கையை மடக்கினால் நின்றுவிட்டது. அது பியூலாவுக்கும் தெரியும். அதையே எங்கள் விளையாட்டுக்குச் சட்டமாக வைத்துக்கொண்டோம். உள்ளங்கை கீழே இருக்கிற வரை அசையக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலமும் மறுநாள் காலையும் அதே விளையாட்டு. எனக்கு முழங்கை தேய்ந்தது. டாக்டர் அம்மா வந்து பார்த்துவிட்டு, "மத்தியானம் எடுக்கலாம்" என்றார்.

எனக்கு மறுபடியும் இருப்புக் கொள்ளவில்லை. அட்டைப்பெட்டி வேறு. மிஷின் வேறு. சாவி, பெல்ட், செல்போன் எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். இரும்பு எதுவும் ஆகாது. காலில் எடுப்பதால் கால் முதலில் உள்ளே போகும், தலை மிஷின் வாசலில் இருக்கும், நீங்கள் பக்கத்தில் உட்காரலாம் என்றார்கள். பியூலா முதலில் மிஷினைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். தூக்கிக் காட்டினேன். அந்தப் பக்கம் குனிந்து பார்த்தாள்.

"மூடி இல்ல" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

படுத்தாள். காதுக்கு மூடி போட்டார்கள். பொம்மையை நெஞ்சில் வைத்தார்கள். பலகை நகர்ந்தது. அவள் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. உதடு துடித்தது. சத்தம் ஆரம்பித்தது. நான் உள்ளங்கையைக் கீழே காட்டினேன்.

வாசலுக்கு வெளியே பாஸ்டர் நின்றார். கதவைச் சாத்தும்போது பார்த்திருந்தேன். வாயைத் திறக்காமல் ஜெபித்துக்கொண்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார், யாருக்கும் தெரியக் கூடாது என்று.

என் கை வலித்தது. இறக்கவில்லை. நடுவில் ஒரு தடவை அவள் கண்ணில் நீர் வந்து காதுப் பக்கம் ஓடியது. துடைக்க என் அடுத்த கை போனது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவளும் துடைக்கவில்லை. அசையவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தை அப்போது செய்தேன். நூல் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

சத்தம் நின்றது. நான் கையை மடக்கினேன்.

"அப்பா, நான் வந்துட்டேன்" என்றாள்.

சாயங்காலம் டாக்டர் அம்மா வந்தார். படம் தெளிவாக வந்திருக்கிறது என்றார். சீழ் கட்டவில்லை. எலும்பைத் திறக்க வேண்டாம். மருந்திலேயே ஆறும் என்றார். எஸ்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றேன். நிற்க மட்டும்தான் முடிந்தது.

அதற்குப் பிறகும் பல நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஊசி மாற்றும்போது அழுதாள். அழுதுகொண்டே கையை நீட்டினாள். ஜெபக் குழு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். ராக்கேல் அக்காவுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டு, பியூலாவே, "இப்ப எனக்கு ஜெபம் பண்ணுங்க, ஆனா வேற பாட்டு" என்றாள். வேறு பாட்டுப் பாடினார்கள். அவளும் பாடினாள்.

இன்றைக்கு அவள் ஓடுகிறாள். இரண்டு காலும் ஒரே அளவு. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள்.

அன்பான சபையாரே. நான் ஜெபித்தபோது பதில் எங்கேயிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பிளாஸ்டிக் கூடையில் வந்து, கட்டிலுக்கு அடியில் போனது. நான் கோபப்பட்டேன். கோபப்பட்டவனையும் ஆண்டவர் தள்ளவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பேசாமல் படுத்திருக்கலாம். கேளுங்கள். என்ன வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டுத் தரையில் உட்காருங்கள், பிள்ளையின் கண் எங்கே இருக்கிறதோ அங்கே. அவர் உங்களையும் கைவிட மாட்டார்.

எங்கள் சபையில் இப்போது நோயாளிப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் சுற்றி நிற்பதில்லை. பாஸ்டரே சட்டம் போட்டுவிட்டார்.

அட்டைப்பெட்டி பாஸ்டர் போய் வந்ததிலேயே பாதி போய்விட்டது. நான் மெல்லிய பலகையில் ஒன்று செய்தேன். இரண்டு பக்கமும் திறந்தது. உள்ளே போய்வர ஒரு சின்னப் பலகை. எஸ்தர் வெள்ளைப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்றாள். பச்சை அடித்தோம். அது அந்த விளையாட்டு அறையில் இருக்கிறது. சனிக்கிழமை தறிக்கு லீவு. அன்றைக்கு நானும் பியூலாவும் அங்கே போகிறோம். நான் ஜக்கில் தட்டுகிறேன். அவள் டாக்டர்.

உள்ளே போய்த் திரும்பி வந்த பிள்ளை ஒவ்வொன்றும் பெட்டியின் வாசலில் ஒரு தறி நூலை முடிச்சுப் போட வேண்டும். அது பியூலா வைத்த சட்டம். முதல் முடிச்சு அவளுடையது, சிவப்பு.

போன சனிக்கிழமை எண்ணினோம்.

எண்பத்தாறு.